டிரெய்னுக்கு எதுக்கு ரெண்டு மஞ்சள்?

லோக்கல் டிரெய்ன் நடுவழியில நின்னா, "சிக்னல் போடல போல"ன்னு பெட்டியில யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. அந்த சிக்னல் டிரைவர்கிட்ட என்னதான் சொல்லுது? இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

ரோட்டு சிக்னலை முதல்ல மறந்துடுங்க. பைக்ல போற நாம சிவப்பைப் பார்த்த பிறகு பிரேக் பிடிச்சாப் போதும். நூறு கிலோமீட்டர் வேகத்துல வர்ற எக்ஸ்பிரஸ் அப்படி நிக்காது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம், பிடிப்பு ரொம்பக் குறைவு. முழுசா நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். அதனால ஒரு ரயில் சிக்னல், அடுத்த சிக்னல்ல என்ன காத்திருக்குன்னும் சேர்த்தே சொல்லணும்.

நம்ம ரயில்வேயில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு.

பச்சை: தாராளமா போகலாம்.

இரட்டை மஞ்சள்: போகலாம், ஆனால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக இருக்கணும்.

ஒற்றை மஞ்சள்: அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு.

சிவப்பு: நில்.

சரி, ரெண்டு மஞ்சளுக்குப் பதிலா வேற ஒரு கலர் வச்சிருக்கலாமேன்னு தோணும். ஆனா இதுல ஒரு அழகு இருக்கு. இரட்டை மஞ்சளில் ஒரு விளக்கு ஃபியூஸ் போனால் என்ன தெரியும்? ஒற்றை மஞ்சள். அதாவது, இன்னும் கூடுதல் எச்சரிக்கை. மொத்தமா அணைந்து போனால்? அதைச் சிவப்பாகத்தான் எடுத்துக்கணும். தப்பு நடந்தாலும் பாதுகாப்பான பக்கமே சாயணும் என்பதுதான் கணக்கு.

தண்டவாளத்திலும் இதே கதைதான். பல இடங்களில் அதில் லேசான மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் ஏறியதும் சக்கரங்கள் வழியா அது குறுக்கே பாய்ந்துவிடும். ரிலேவுக்குப் போய்ச் சேராது. பின்னாடி சிக்னல் சிவப்பாகும். வயர் அறுந்தாலும் மின்சாரம் போகாது, அப்பவும் சிவப்புதான்.

இன்னொரு விஷயம். சில சிக்னல் கம்பங்களில் வெள்ளை வட்டத்துக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கும். அது ஆட்டோமேட்டிக் சிக்னல். அங்கே சிவப்பு விழுந்தால் வண்டி நின்று, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு மிக மெதுவாக முன்னே போகலாம். சிவப்பைத் தாண்டி வண்டி ஊர்ந்து போறதைப் பார்த்தா பதறாதீங்க.

இவ்வளவு யோசித்து வைத்தும் தப்பு நடக்குமா? நடந்திருக்கு. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பஹநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை எரிந்தது. ஆனால் தண்டவாளம் திரும்பியிருந்தது, சரக்கு ரயில் நின்ற லூப் லைன் பக்கம். 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பாதை சரியாகப் பூட்டப்பட்டால்தான் பச்சை விழணும், அதுதான் இன்டர்லாக்கிங். சிக்னல் வயரிங்கை மாற்றிய வேலைகளில் நடந்த தவறுகளை விசாரணை சுட்டிக்காட்டியது. டிரைவர் பச்சையை நம்பித்தான் வந்தார். நம்பத்தான் வேணும், அவருக்கு வேற வழியில்லை.

விளக்கு பொய் சொல்லாம பார்த்துக்கிறது, வெயிலிலும் மழையிலும் அந்தப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு வயரா சரிபார்க்கிறவங்க கையில இருக்கு. அந்த வேலையை அவசரப்படுத்தக் கூடாது, நம்ம வண்டி லேட்டானாலும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.