கல்லூரிக்குப் பின் காப்பீட்டுத் துறை

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் நம்மில் பலர் ஆசிரியை என்போம், சிலர் செவிலி என்போம். காப்பீட்டுத் துறையில் சேருவேன் என்று சொல்வோர் மிக அரிது. "வீடு வீடாகப் போய்ப் பாலிசி எடுக்கச் சொல்லிக் கெஞ்சும் வேலைதானே?" என்று சிரிப்போரும் உண்டு. அத்துறை எத்தகையது, கல்லூரி முடித்த பெண்ணுக்கு அதில் என்னென்ன வாயில்கள் உள்ளன என்பதைக் காண்போம்.

காப்பீடு என்றால் என்ன?

ஒருவர் தாங்க முடியாத சுமையைப் பலர் சேர்ந்து தாங்குவதே காப்பீடு. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது. ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் ஒரு பொது நிதியில் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். 5 லட்சம் ரூபாய் சேரும். அவ்வாண்டில் இரண்டு குடும்பங்களில் சம்பாதிப்பவர் இறந்துவிட்டால், ஆளுக்கு 2 லட்சம் கொடுத்த பின்னும் ஒரு லட்சம் மிஞ்சும். 500 ரூபாய் கொடுத்ததால் எவரும் நொடித்துப் போவதில்லை. அந்த 2 லட்சம் கிடைக்காவிட்டாலோ இரு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும்.

ஓராண்டில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதுதான் இதன் உயிர்நாடி. 1744-இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரு கிறிஸ்தவப் போதகர்கள், மறைந்த போதகர்களின் மனைவி மக்களுக்காக இவ்வாறு கணக்கிட்டு ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். நாம் அஞ்சி ஓடும் கணிதம் விதவைகளின் கண்ணீரைத் துடைத்தது!

நம் நாட்டில்

1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனியும், 1829-இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் கம்பெனியும் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கின. அக்காலத்தில் இந்தியரின் உயிருக்குக் கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். 1870-இல் தோன்றிய பாம்பே மியூச்சுவல்தான் இந்தியருக்கும் சமமான கட்டணம் விதித்தது. 1956-இல் 245 நிறுவனங்களை அரசு ஏற்றுக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை, அதாவது எல்.ஐ.சி.யை, நிறுவியது. சென்னை அண்ணா சாலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. தீ, விபத்து, கப்பல் முதலியவற்றுக்கான பொதுக் காப்பீடு 1973-இல் நான்கு அரசு நிறுவனங்களின் கீழ் வந்தது. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் உள்ளது. 2000 முதல் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன.

நம் ஊருக்கு இது ஏன் தேவை?

கடப்பாக்கத்தைச் சுற்றிலும் கடலையும் உப்பளத்தையும் நம்பிய குடும்பங்கள் பல. 2004 சுனாமியில் ஆலம்பரைக் கோட்டையின் சுவரே சிதைந்தது. படகும் வலையும் எம்மாத்திரம்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது.

வங்கிப் பாஸ் புத்தகத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கழிந்திருக்கும். அது 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்காக இருக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் வீட்டுப் பெண்களுக்கு அது தெரியாவிட்டால் கேட்க மாட்டார்கள், கேட்காவிட்டால் கிடைக்காது. கடலில் காணாமற்போனவரின் உடல் கிடைக்காதபோது, பொதுவாக ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லாதிருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். அதுவரை ஆயுள் பாலிசி காலாவதியாகாமல் காக்க வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் ஊரில் வேண்டாமா?

வாயில்கள் எவை?

முதலாவது, முகவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். இதில் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டுமே. பெண்களுக்கென்று 2024 டிசம்பரில் எல்.ஐ.சி. 'பீமா சகி' திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதலாண்டு மாதம் 7,000, அடுத்த ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் என உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அதைப் பெற ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாலிசிகள் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வளர்ச்சி அதிகாரி. முகவர்களைத் தேர்ந்து பயிற்றுவிப்பது இவர் பணி. மூன்றாவது, அலுவலகத்தில் உதவி நிர்வாக அதிகாரி. இவ்விரண்டுக்கும் பட்டப்படிப்பு அவசியம். நிறுவனம் அறிவிப்பு வெளியிடும்போது போட்டித் தேர்வும் நேர்முகத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். நான்காவது, சேத மதிப்பீட்டாளர். புயலில் உடைந்த படகையும் தீயில் எரிந்த கடையையும் நேரில் பார்த்து இழப்பைக் கணக்கிடுபவர் இவர்.

ஐந்தாவது, ஆக்சுவரி. பிரீமியம் எவ்வளவு என்று வகுக்கும் கணித வல்லுநர் இவரே. பிளஸ் டூ முடித்ததும் இதன் நுழைவுத் தேர்வை எழுதலாம். பின்வரும் தேர்வுகள் பல. தேறப் பல ஆண்டுகள் ஆகும். கணிதத்தை விரும்பும் தோழியர் இதை மறக்க வேண்டாம்.

எச்சரிக்கை

முகவர் வேலையில் முதலில் கதவைத் தட்டுவது சித்தப்பா வீடும் அத்தை வீடும்தான். அவை முடிந்ததும் சோர்ந்து விலகுவோர் பலர். கமிஷனுக்கு ஆசைப்பட்டு, கட்ட முடியாத பாலிசியை ஏழையின் தலையில் கட்டுவது பெரும் பாவம். பாதியில் நின்றால் அவர் கட்டிய பணத்திலும் இழப்பு ஏற்படும். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம் என்பதையும் முகவரே சொல்ல வேண்டும். பாலிசி விற்ற நாளில் காட்டிய புன்னகையைவிட, துக்க வீட்டுக்குப் போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, நாமினியின் கையில் பணம் சேரும்வரை உடன் நிற்பதே இப்பணியின் பெருமை.

ஆகவே தோழியரே, கணிதத்தை வெறுக்காமல் படிப்போம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேசப் பழகுவோம். பெற்றோரும் இவ்வேலையைக் குறைவாக எண்ணாதிருக்க வேண்டுகிறோம். அதற்கு முன், இன்றே வீட்டுக்குப் போய்ப் பாஸ் புத்தகத்தை எடுத்து அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அது என்னவென்று அம்மாவுக்குச் சொல்வோம். வெள்ளம் வருமுன் அணை போட அதுவே முதற்கல்.

– பத்தாம் வகுப்பு மாணவி