வயலில் விளையும் பயறு தட்டில் இல்லையே!

காலையில் நான்கு இட்லி. மதியம் தட்டு நிறையச் சோறு, குழம்பு. இரவு மிச்சச் சோறு அல்லது ரவை உப்புமா. நடுவில் சர்க்கரை போட்ட டீ இரண்டு, மூன்று முறை. சேலம், நாமக்கல் பகுதியில் காட்டு வேலைக்குப் போகும் பல வீடுகளின் சாப்பாடு இதுதான். நேற்று நீங்கள் சாப்பிட்டதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதில் பயறு, முட்டை, தயிர் எவ்வளவு இருந்தது?

'சர்க்கரை நோய் எல்லாம் டவுன்காரங்களுக்கு. வெயிலில் வேலை செய்யும் நமக்கு வராது' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணித்தது. நோய் வந்தவர்கள் நகரத்தில் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களின் விகிதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை. அடுத்து நோயாளி ஆகப்போகிறவர்கள் நம் ஊரிலும் அதே அளவு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காரணம் பல. ஏர் ஓட்டிய இடத்தில் டிராக்டர் வந்துவிட்டது; கவலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்தது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. மாவுச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிடுவோருக்குச் சர்க்கரை நோயும் அதிகமாகக் காணப்பட்டது.

அந்த ஆய்வில் வேளாண் அலுவலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றியதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. சிறுதானியத்தைப் பாராட்டி நாமும் நிறைய எழுதியிருக்கிறோம். நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்துக்காக அந்தப் பாராட்டு செல்லும். ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், ராகியில் 67 கிராம். மாவாக அரைத்துக் களி கிண்டினால் அதுவும் வேகமாகச் செரிக்கும். இரண்டு உருண்டைக் களியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு 'சிறுதானியம்தானே' என்று இருந்துவிட முடியாது. மொத்த அளவு குறைய வேண்டும். அந்த இடத்தில் புரதம் வர வேண்டும். மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்துக்குப் பதில் புரதத்திலிருந்து பெற்றால் ஆபத்து குறையும் என்பதே ஆய்வின் கணக்கு.

ஜவ்வரிசியையும் சொல்லியாக வேண்டும். குச்சிக்கிழங்கு நம் பகுதியின் பிழைப்பு. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் சங்கமும், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் நமக்குப் பெருமைதான். ஆனால் ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க ஸ்டார்ச். புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. விற்கும் பொருளாக அது நல்ல பொருள். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சியாகவும் நல்லது. தினசரி பலகாரமாக வேண்டாம்.

புரதத்துக்கு எங்கே போவது? நாட்டுக்கே முட்டை அனுப்புகிறது நாமக்கல். மேட்டுக்காட்டில் நிலக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு, துவரை, கட்டுத்தறியில் பசு. எல்லாம் நம்மிடமே இருக்கிறது. ஆனால் பயறு மண்டிக்கும் பால் சொசைட்டிக்கும் போகிறது. ரேஷன் அரிசி வீட்டுக்கு வருகிறது. விற்பது தப்பில்லை, கடன் இருக்கிறது. வீட்டுக்கென ஒரு பங்கு எடுத்து வைக்காததுதான் குறை.

கணக்கு பெரிதல்ல. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. மாவுச்சத்தில் அது 25 கிராம், அதாவது ஒரு கைப்பிடி அரிசி. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், 50 கிராம் கொள்ளில் 11 கிராம் புரதம். கொள்ளிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் உலையில் போடும் அரிசியை இன்னொரு கைப்பிடி குறையுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் பால், தயிர், பருப்பை அதிகமாக்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும், தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது; சர்க்கரை தாழ்ந்து காட்டிலேயே மயங்கி விழ நேரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள். 30 வயது தாண்டிய மற்றவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126-க்கு மேல் வந்தால் நோயாக இருக்கலாம். மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். மருந்து வீட்டுக்கே வர, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது.

இனி காட்டு வேலை. குச்சிக்கிழங்கு நட்ட முதல் இரண்டு, மூன்று மாதம் வரிசைகளுக்கு நடுவே இடம் சும்மா கிடக்கும். தண்ணீர் வசதி இருந்தால் அதில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராகப் போடலாம். மானாவாரிக்காரர்களுக்குக் கொள்ளு இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பையூர் 2 ரகத்தை, புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் விதைத்துவிடலாம். அறுத்ததும் வீட்டுக்கான மூட்டையைத் தனியாகப் பிரித்து, வெயிலில் மொறுமொறுவெனக் காய வைத்து, வேப்பிலைச் சருகு கலந்து கட்டி வையுங்கள். ஈரம் இருந்தால் ஒரு மாதத்தில் வண்டு விழுந்துவிடும்.