மலையில்லா ஊரின் பருந்துக் கணக்கு

சிராங்கூன் சாலைக் கோயில்களில் குடமுழுக்கு நடக்கும்போது, கூட்டத்தில் பாதிப் பேர் கலசத்தைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். கருடன் வட்டமிட வேண்டுமே! கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்து ஆண்டு முழுவதும் சிங்கப்பூரிலேயே குடியிருக்கும் பறவை. கும்பிடுகிறவர்களுக்கு இந்தத் தகவல் தேவைப்படாது. பருந்துகளை எண்ணுகிறவர்களுக்குத் தேவைப்படும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதே வானத்தின் வழியே வெளியூர்ப் பருந்துகள் போகின்றன. உள்ளூர்க்காரரைக் கழித்துவிட்டு வழிப்போக்கரை மட்டும் எண்ண வேண்டும்.

வழிப்போக்கரில் முதன்மையானது தேன் பருந்து. குளவிக்கூட்டையும் தேனடையையும் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும் பறவை இது; கொட்டு விழாமலிருக்க முகத்தில் செதில்போல அடர்ந்த சிற்றிறகுகள் உண்டு. ஜப்பானில் குஞ்சு பொரிக்கும் தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டி, ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற ஆய்வாளரின் குழு அவற்றின் பயணத்தைத் தொடர்ந்தது. அவை கிழக்குச் சீனக் கடலைத் தாண்டிச் சீனாவுக்குள் நுழைந்து, மலாய்த் தீபகற்பத்தின் வழியே தெற்கே இறங்கிச் சுமத்ராவை எட்டின. சில அங்கே தங்கின. சில ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் போயின. வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

காரணம் காற்று. வெயில் ஏறியதும் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்றும் சூடாகி எழும்புகிறது. அகன்ற இறக்கைகளை விரித்து அந்த ஏற்றக்காற்றில் சுற்றிச் சுற்றி உயர்ந்து, உச்சியிலிருந்து அடுத்த ஏற்றம் வரை சறுக்கிக்கொண்டே போனால் இறக்கையடிக்கும் உழைப்பு மிச்சம். பகல் நேரக் கடல் நிலத்தைப்போலச் சூடேறுவதில்லை. அதன்மேல் இந்த வசதி குறைவு. கிழக்குச் சீனக் கடலைக்கூடத் தேன் பருந்துகள் பின்னாலிருந்து தள்ளும் இலையுதிர்காலக் காற்றின் துணையோடுதான் கடக்கின்றன. ஆகவே கூடுமானவரை நிலத்தின் மேலேயே பறந்து, கடைசியில் ஆசியப் பெருநிலத்தின் தென்முனைக்கு வந்து சேர்கின்றன. அந்த முனையை ஒட்டிக் கிடக்கும் தீவு நம்முடையது.

எண்ண உயரமான இடம் வேண்டும். நம் ஊரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். அதன் உச்சியிலும் மரங்கள் பார்வையை மறைக்கின்றன. பருந்து பார்ப்பவர்கள் விரும்பிப் போவது ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்கு. ஃபேபர் மலையையும் தெலுக் பிளாங்கா மலையையும் இணைத்து, சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் 2008இல் திறந்த நடைபாலம். ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், மறுபக்கம் துறைமுகம். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் பறவைக் குழு நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று தீவின் பல இடங்களில் ஆட்களை நிறுத்தி ஒரே நேரத்தில் எண்ணும் வழக்கம் கொண்டது. விடியற்காலையில் போய்ப் பயனில்லை. தரை சூடாகி ஏற்றக்காற்று பிறந்தால்தான் பருந்துகள் உயரும்.

எண்ணுவதில்தான் சிக்கல். ஏற்றக்காற்றில் இருபது பருந்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றும்போது எண்ணத் தொடங்கினால் எது எண்ணியது, எது எண்ணாதது என்று தெரியாது. பழகியவர்கள் காத்திருப்பார்கள். உச்சியை எட்டியதும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கும். அப்போது எண்ணினால் பிசகாது. தெற்கே கடலைக் கண்டதும் சில தயங்கித் திரும்பி வரும். அவற்றை இன்னொரு முறை எண்ணிவிடக் கூடாது. வகை பிரிப்பது நிழலுருவத்தை வைத்து. இறக்கை நுனியில் விரல்களைப்போல் பிரிந்து நிற்கும் இறகுகள் தேன் பருந்துக்கு ஆறு, ஜப்பானியச் சிட்டுப்பருந்துக்கு ஐந்து, சீனச் சிட்டுப்பருந்துக்கு அதிலும் குறைவு. இதெல்லாம் சில நொடிகளில்! மேகமற்ற நீலவானம் வாய்த்தால் நல்லது என்று நினைப்போம். உண்மையில் அதுதான் தொல்லை: உயரத்தில் போகும் பறவை நீலத்தில் கரைந்துவிடும், வெண்மேகப் பின்னணியில் புள்ளியாகத் தெரியும்.

இப்படிக் கிடைக்கும் எண் எவ்வளவு நம்பகமானது? தாய்லாந்தின் சும்போன் மாநிலத்தில், தீபகற்பம் குறுகும் இடத்திலுள்ள காவ் டின்சோ குன்றில் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் எண்ணுகிறார்கள். சிங்கப்பூரின் ஒருநாள் கணக்கு அதன் பக்கத்தில் வைக்கத் தகாத அளவு சிறியது. பல பறவைகள் வழியிலேயே மலாக்கா நீரிணையைத் தாண்டிவிடுகின்றன. பல கண்ணுக்கெட்டாத உயரத்தில் போகின்றன. மழையோ புகைமூட்டமோ வந்தால் கணக்கே படுத்துவிடும். இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்காண்டு எண்ணி வந்தால்தான் அதற்கு விலை கூடும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதற்குச் சான்று உண்டு. மலைமுகட்டில் நின்று பருந்துகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்ததைத் தடுக்க, ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்தார். அந்த ஹாக் மவுண்டன் காப்பகத்தில் எண்ணிக்கையும் தொடங்கியது. அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் 1935 முதல் 1939 வரை இளம்பறவைகள் 40 விழுக்காடு. 1955 முதல் 1959 வரை 20 விழுக்காடு. கிழப்பறவைகள் பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள் வளரவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் டிடிடி போன்ற பூச்சிமருந்துகள்மீது வைத்த குற்றச்சாட்டுக்கு இந்தக் கணக்கும் துணை நின்றது. எண்ணத் தொடங்கிய 1934இல் டிடிடி புழக்கத்திலேயே இல்லை.

நம் பக்கத்தில் திரும்பும் பயணத்தைப் பார்க்க மார்ச்சில் மலேசியாவின் தஞ்சோங் துவானுக்குப் போகலாம். சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும் தேன் பருந்துகள், களைத்துப்போய்க் கலங்கரை விளக்கத்தருகே தாழப் பறந்து கரையேறும். கழுத்துவலிக்காரர்கள் அங்கேயே போவது நல்லது.