நம்ம அபார்ட்மெண்ட் நிலம் யாரோடது? தாம்பரத்தில் இருந்து ஒரு மிராசுக் கதை

போன மாசம் சேலையூர் பக்கம் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் பார்த்தேன். லோன் ஏறக்குறைய ரெடி. மூலப்பத்திரத்தை எல்லாம் ஒரு வக்கீல்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு பழைய பத்திரத்தில் விரலை வச்சு, "இங்க மிராசு பாத்தியம்னு போட்டிருக்கு பாருங்க தம்பி"ன்னார். எனக்கு மிராசுதார்னா பழைய சினிமாவில் அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டு வர்றவர், அவ்வளவுதான் தெரியும். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுதான் இந்த எபிசோட்.

மிராசு அரபு மொழியில் இருந்து வந்த சொல். வாரிசுரிமைன்னு அர்த்தம். இதுக்கு நம்ம பழைய தமிழ்ச் சொல் காணியாட்சி. தொண்டைமண்டலத்து கிராமங்கள் பலதில் ஊரே பங்கு பங்கா பிரிஞ்சிருந்தது. ஒரு கம்பெனியோட ஷேர் மாதிரி யோசிங்க. பங்கு வச்சிருக்கிறவர் மிராசுதார். பெரும்பாலும் வேளாளர், அக்ரகார ஊர்கள்னா பிராமணர். பங்குன்னா வெறும் வயல் மட்டும் இல்லை. ஊரில் இருக்கிற தரிசு நிலம், குடியிருப்பு மனை, மத்தவங்க உழுதா அதில் வர்ற துண்டுவாரம், எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

அவங்களுக்குக் கீழே பாயக்காரிகள். பங்கு இல்லாம உழுறவங்க. அதிலேயே நிரந்தரமா ஊரில் இருக்கிறவர் உள்குடி, வெளியில் இருந்து வந்து உழுதுட்டுப் போறவர் புறக்குடி. அதுக்கும் கீழே, சேரியில், பண்ணையாட்கள். பெரும்பாலும் பறையர்கள். அவங்களை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்றிருக்காங்க, அடமானம் வச்சிருக்காங்க. அடிமைமுறைக்கு சட்ட அங்கீகாரம் போனது 1843-ல்தான்.

இந்த அடுக்கு காலங்காலமா அசையாம இருந்ததுன்னு நினைச்சா அது தப்பு. இங்கதான் கதை சூடு பிடிக்குது. 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி இந்தப் பகுதியை ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீர்னு பேர். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் எல்லாம் இருக்கிற சுத்துவட்டாரம் அதுதான். அதே காலத்தில் மெட்ராஸ் கோட்டைக்குள்ள ஒரு புது வர்க்கம் காசு சேர்த்துக்கிட்டு இருந்தது: துபாஷிகள். ரெண்டு பாஷை தெரிஞ்சவங்கன்னு பேரோட அர்த்தம். ஆனா வேலை மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை. கப்பலில் இருந்து இறங்குற வெள்ளைக்காரனுக்கு வீடு பார்த்து, கடன் கொடுத்து, அவன் பேரில் வியாபாரமும் பண்ணி, ரெண்டு பக்கமும் லாபம் பார்ப்பாங்க. 1794-ல் நாற்பது வயசில் இறந்துபோன பச்சையப்ப முதலியார் இந்த உலகத்து ஆள்தான். பச்சையப்பன் கல்லூரி வழியா டவுன் பஸ்ஸில் போறவங்க அந்தப் பேரை இனி கொஞ்சம் வேற மாதிரி பார்ப்பீங்க.

காசு வந்தாச்சு. அடுத்து என்ன வேணும்? மரியாதை. மரியாதை எங்க இருக்கு? நிலத்தில். துபாஷிகள் மெட்ராஸைச் சுத்தி இருக்கிற ஊர்களில் மிராசுப் பங்குகளை வாங்க ஆரம்பிச்சாங்க.

இதே காட்சி அதுக்கு 200 வருஷத்துக்கும் மேலே முன்னாடி இங்கிலாந்தில் ஓடியிருக்கு. 1536-ல் இருந்து நாலே வருஷத்தில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைச்சு, அந்த நிலத்தில் நிறைய மார்க்கெட்டுக்கு வந்தது. லண்டன் வியாபாரிங்க எஸ்டேட் வாங்கினாங்க. பையன் உழைக்காம வாழ்ந்தா ஜென்டில்மேன் ஆயிடுவான், பேரன் காலத்தில் தாத்தா துணி வித்தார்ங்கிறதே மறந்துடும். உழவர்களிலேயே வசதியான யோமன்களும் மேலே ஏறினாங்க. கீழே இருந்தவங்க நிலைமை வேற. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு வளைச்சப்ப, அதை நம்பி இருந்தவங்க கூலிக்காரங்க ஆனாங்க.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1794 முதல் 1798 வரை ஜாகீருக்குக் கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். வரியை ஏத்தணும்னு வந்த மனுஷன். பூந்தமல்லி பக்கத்து மிராசுதார்கள் 1795 வாக்கில் அவர் கேட்ட கணக்குக்கு ஒத்துவரலை. அவர் பல பேரோட மிராசைப் பிடுங்கி வேற ஆட்களுக்குக் கொடுத்தார். பின்னாடி இருந்து தூண்டிவிடுறது பட்டணத்துத் துபாஷிகள்தான்னு குற்றமும் சாட்டினார். வேடிக்கை என்னன்னா, சில வருஷத்திலேயே, 1802-ல், கம்பெனி ஜாகீரை அறுபதுக்கும் மேற்பட்ட மிட்டாக்களா வெட்டி ஏலம் விட்டப்ப, ஏலம் எடுத்தவங்களில் அதே பட்டணத்துப் பணக்காரங்க நிறைய. பல மிட்டாக்கள் கொஞ்ச வருஷத்திலேயே வரி கட்ட முடியாம சர்க்காருக்கே திரும்பிடுச்சு. அப்புறம் ரயத்துவாரி வந்தது.

இதுக்கு நடுவில் மிராசுன்னா உண்மையில் என்னன்னு வெள்ளைக்கார அதிகாரிங்களுக்குள்ளேயே பெரிய சண்டை. திருக்குறளை மொழிபெயர்த்த எல்லிஸ் இருக்காரே, அவர் 1818-ல் வந்த ஒரு புத்தகத்தில் இது பழமையான தனிச்சொத்து உரிமைன்னு வாதாடினார். எனக்கு எல்லிஸை ரொம்பப் பிடிக்கும். ஆனா அவர் பண்ணின இந்த வேலையோட பலன் மேலே இருந்தவங்களுக்குத்தான் போச்சுன்னு சொல்லாம இருக்க முடியலை.

ஏன்னா, ரயத்துவாரியில் யார் வேணாலும் தரிசு நிலத்துக்கு தர்காஸ்து போடலாம். அதாவது அப்ளிகேஷன். ஆனா செங்கல்பட்டில் அந்தத் தரிசு மேலே மிராசுதாருக்கு முதல் உரிமை. ஒரு பண்ணையாள் எழுதிப் போட்டா, மிராசுதார் 'எனக்கு வேணும்'னு சொல்லிடலாம். அவ்வளவுதான், ஃபைல் க்ளோஸ். அந்தப் பண்ணையாள் குடியிருக்கிற குடிசை மனையும் மிராசுதார் கையில். தைரியமா அப்ளை பண்ணினவன் ராத்திரி எங்க படுப்பான்? 1891-ல் கலெக்டர் டிரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்கள் பத்தி ஒரு அறிக்கையில் இதை விலாவாரியா எழுதினார். அடுத்த வருஷமே அவங்களுக்கு நிலம் ஒதுக்கலாம்னு அரசாணை வந்தது. பஞ்சமி நிலம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இதில் இருந்து வந்ததுதான். வேற சமூகத்துக்கு விற்கக் கூடாதுன்னு நிபந்தனையோட கொடுத்தாங்க. அறிக்கை வந்த அதே 1891-ல், செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். இந்தக் கதையை கலெக்டர்கள் மட்டும் நகர்த்தலை.

லண்டன் வியாபாரி மூணு தலைமுறையில் ஜென்டில்மேன். மெட்ராஸ் துபாஷி அதைவிட வேகமா மிராசுதார். வர்க்கம் மாறும்ங்கிறது உண்மைதான். ஆனா நிலம் வாங்குற கியூவிலேயே நிற்க விடாத ஒரு கூட்டம் இங்க இருந்தது, காரணம் காசு இல்லை, சாதி. அது பழைய கதையும் இல்லை. கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தாங்க. நம்மில் பல பேர் பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தாம்பரத்தில் இருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில்.

ஃபிளாட் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வக்கீல் வில்லங்கச் சான்றிதழ் க்ளீன்னு சொல்லிட்டார். நான் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பார்க்கணும், பஞ்சமியான்னு தெரியணும்னு கேட்டேன். "பேங்க்காரனே கேட்கலை, நீங்க ஏன் தம்பி கேட்கறீங்க?"ன்னார். மனு போட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை. டோக்கன் அட்வான்ஸ் கேட்டு பில்டர் ஆபீஸில் இருந்து தினமும் போன் வருது.