காந்தம் தள்ளும் வஸ்துக்கள்

மயிலாப்பூரைச் சார்ந்த பட்டினப்பாக்கத்துக் கடற்கரையிலே, அலை பின்வாங்கிய ஈரமணலின்மீது கரிய கோடுகள் படிந்து கிடப்பதைக் காணலாம். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் பொதிந்து அக்கோடுகளின்மேல் மெல்ல இழுத்துச் சென்றால், கரும்பொடி மயிர்க்கூச்செறிந்தாற்போல் எழுந்து ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைக் கழற்றினால் பொடி தானே உதிர்ந்துவிடும். (காகிதமின்றிச் செய்பவர் காந்தத்தைத் துடைப்பதிலேயே அம்மாலைப்பொழுதைக் கழிக்க நேரிடும்.) ஒட்டிய பொடி மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். ஒட்டாமல் நின்ற வெண்மணலோ?

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றைக் காந்தம் இழுக்கும். ஏனையவற்றை ஒன்றும் செய்யாது என்று பள்ளியில் கற்றிருக்கிறோம். அவ்வாறே எழுதி முழு மதிப்பெண் பெற்றவருள் யானும் ஒருவன். எனினும் அவ்விடையின் பிற்பாதி பிழையாம். நாம் கையாளும் பொருள்கள் யாவும் காந்தத்திற்கு ஏதேனும் ஒருவகையில் அசைந்துகொடுப்பவையே. அசைவின் அளவிலும் திசையிலுமே வேற்றுமை உளது.

அதன் காரணம் அணுவிற்குள்ளே இருக்கின்றது. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை இவ்விரண்டாய் எதிரெதிர் நின்று ஒன்றின் வலியை மற்றொன்று அழித்துவிடுகின்றன. அலுமினியத்திலும் பிராணவாயுவிலும் சில இணையின்றி எஞ்சுகின்றன. அவை புறக்காந்தத்தின் பக்கம் சிறிதே திரும்புதலால் மிக மெல்லிய கவர்ச்சி உண்டாகும். இரும்பிலோ இணையற்ற எலக்ட்ரான்கள் கோடிக்கணக்கில் கூட்டங்கூட்டமாய் ஒரே திசை நோக்கி நிற்கின்றன. ஆதலின் அங்கே கவர்ச்சி பன்மடங்காகிறது.

மெல்லிய கவர்ச்சி பயனற்றதென்று கொள்ளற்க. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலே கடல்மணலைத் தரம் பிரிக்கும் ஆலையில், சாதாரணக் காந்தத்திற்கு மசியாத இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகியவற்றை வலிய மின்காந்தங்களைக்கொண்டு வேறுபடுத்துகின்றனர். இல்மனைட் முந்திச் செல்லும். மோனசைட்டை இழுக்க மிக்க வலி வேண்டும். சிர்க்கானும் ரூட்டைலும் நின்றுவிடும்.

இனி, தள்ளப்படும் பொருள்களைப் பார்ப்போம். எலக்ட்ரான்கள் யாவும் இணைசேர்ந்த பொருளருகே காந்தம் வருங்கால், அவற்றின் இயக்கம் அக்காந்தத்தை எதிர்க்கும் வண்ணம் சிறிது மாறுகிறது. ஆதலின் அப்பொருள் விலகுகிறது. பிஸ்மத் என்னும் உலோகம் இவ்வாறு விலகுவதை 1778-ல் புருக்மன்ஸ் கண்டார். 1845-ல் பாரடே கண்ணாடி முதலான எண்ணிறந்த பொருள்களில் இதனை நிலைநாட்டினார். விலக்கமே காந்தத்தை அறியும் உறுதியான சோதனை என்று கற்றவர்கள் இங்கே கவனிக்கவேண்டும்: பிஸ்மத்தை வடதுருவமும் தள்ளும், தென்துருவமும் தள்ளும், காந்தமோ ஒரு துருவத்தால் தள்ளப்பட்டு மற்றொன்றால் இழுக்கப்படும்.

இதனை வீட்டிலேயே காணலாம். மாடவீதியில் வாங்கிய திராட்சை இரண்டை ஓர் உறிஞ்சுகுழலின் இரு முனைகளிலும் செருகி, குழலின் நடுவில் நூல் கட்டிக் காற்றில்லாத இடத்தில் தொங்கவிடுக. ஆட்டம் நின்றபின் வலிய நியோடிமியக் காந்தமொன்றைப் பழத்தருகே கொணர்ந்தால், எத்துருவத்தைக் காட்டினும் பழம் மெல்ல நகர்ந்து விலகும். அதிலுள்ள நீரே காரணம். 1997-ல் ஹாலந்து தேசத்து நிஜ்மேகன் நகரில் 16 டெஸ்லா வலியுள்ள காந்தத்தினுள் ஒரு தவளையையே அந்தரத்தில் மிதக்கவிட்டனர். சென்னையில் பூமியின் காந்தவலிக்கு அது ஏறக்குறைய நாலு இலட்சம் மடங்கு.

இத்துணை மெல்லிய விலக்கத்தை அளந்து, அதனால் படிகத்தின் உள்ளமைப்பையே கண்டறிந்தவர் நம் நாட்டினர். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள், இராமனுடன் 1928-ல் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபின் டாக்கா சென்று இத்துறையில் புகுந்தார். சிறு படிகமொன்றைக் குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே தொங்கவிடுவார். இழையின் தலையை முறுக்க முறுக்க, படிகம் காந்தத்திற்குக் கட்டுண்டு தயங்கித் தயங்கித் திரும்பும். தன் நிலையினின்று 45 பாகைக்குச் சற்று மேற்சென்றதும் சட்டெனப் புரண்டுவிடும். அதுகாறும் தலையை எவ்வளவு முறுக்கினோமென்பதும் இழையின் விறைப்பும் தெரிந்தால், படிகம் எத்திசையில் மிகுதியாகவும் எத்திசையில் குறைவாகவும் விலக்கப்படுகிறதென்று கணக்கிடலாம்.

நாப்தலீனின் மூலக்கூறு தட்டையானது. அத்தட்டுக்குச் செங்குத்தான திசையிலேதான் விலக்கம் மிகுதி. ஆகவே படிகம் புரண்ட கணக்கினின்று, அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத அத்தட்டுகள் எப்பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை அவர் உரைத்தார். நம் பாட்டிமார் பட்டுப்புடவைகளுக்கிடையே போட்டுவைத்த பாச்சை உருண்டையும் அந்த நாப்தலீனே.