கடல் கடந்து ஒரு சிறு விடுதி: கைத்தொழிலைக் கைவிடாமல் தொடங்குவது எப்படி?

பெங்களூருவில் இன்று அலுவலகம் செல்லாமலேயே பணியாற்றுவோர் பலர். மென்பொருள் எழுதுவோர், வடிவமைப்பாளர்கள், கட்டட வரைபடம் தயாரிப்போர், கணக்கு ஆலோசகர்கள் என்று நீளும் இவர்கள், எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராகச் சேராமல், ஒப்பந்த அடிப்படையில் வேலையை ஏற்று முடித்துத் தருகின்றனர். ‘ஃப்ரீலான்ஸ்’ என்று அழைக்கப்படும் இம்முறையில் வேலைக்கு இடம் ஒரு பொருட்டல்ல. ஆகவேதான் இவர்களில் சிலருக்கு வேறோர் எண்ணம் எழுகிறது. வெளிநாட்டில் கடலோரமாக நான்கைந்து அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றைத் தொடங்கினால் என்ன? அங்கிருந்தே பழைய வேலையையும் பார்த்துக்கொள்ளலாமே!

இந்த எண்ணத்துக்கு மிக அருகில் இருக்கும் நாடு இலங்கை. பெங்களூருவிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 2006ஆம் ஆண்டு முதல் இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கு செல்லும் சுற்றுலாப் பயணிகளிலும் இந்தியர்களே முதலிடத்தில் உள்ளனர். 2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. வழியாகவும் அங்குள்ள கடைகளில் பணம் செலுத்த முடிகிறது. சாதகங்கள் இத்தனை இருந்தும், இம்முயற்சியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: கையில் உள்ள ஃப்ரீலான்ஸ் தொழிலை எப்போது விடுவது? விடுதி ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் கடந்து, தன் செலவைத் தானே தாங்கிக் காட்டும்வரை விடக் கூடாது என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களையும் வழிமுறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னே சென்றவர்கள்

உணவும் உறைவிடமும் அளிக்கும் தொழிலை எடுத்துக்கொண்டு கடல் கடந்தவர்களில் நிலைத்தவர்கள், முதலில் ஓரிடத்தில் காலை அழுந்த ஊன்றியவர்களே. பெங்களூருவின் புகழ்பெற்ற மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் 1924இல் தொடங்கப்பட்டது. அது சிங்கப்பூரில் கிளை திறந்தது 2013இல். இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். அதே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாஸ் உணவகத்தை நிறுவிய முருகையா ராஜு, தமிழ்நாட்டிலிருந்து இளம் வயதில் அங்கு சென்றவர். பிறர் நடத்திய உணவகத்தில் ஊழியராக இருந்து தொழிலைக் கற்ற பின்னரே உரிமையாளரானவர். தொண்ணூறு ஆண்டுகள் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், புதிய தொழில் காலூன்றும்வரை சோறு போடும் தொழில் ஒன்று வேண்டும் என்ற விதி அன்றும் இன்றும் ஒன்றே.

புள்ளிவிவரம் சொல்லும் பாடம்

விடுதித் தொழில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு உடையது என்பதை இலங்கையின் அண்மைக்கால வரலாறே காட்டுகிறது. 2018இல் அந்நாட்டுக்கு ஏறக்குறைய 23.3 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் 21 அன்று நிகழ்ந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவ்வாண்டின் எண்ணிக்கை 19.1 லட்சமாகக் குறைந்தது. பெருந்தொற்று பரவிய 2020இல் அது 5 லட்சம். 2021இல் 2 லட்சத்துக்கும் குறைவு. மீளத் தொடங்கிய 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் தொடர, ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த இலங்கை நாணயத்தின் மதிப்பு சில மாதங்களில் 350 ரூபாயைக் கடந்து சரிந்தது. 2024இல்தான் பயணிகள் எண்ணிக்கை மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியது.

இந்த ஆண்டுகளில் விடுதி வருவாயை மட்டுமே நம்பியிருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில் பெங்களூருவின் மென்பொருள் பணிகளும் ஆலோசனைப் பணிகளும் வீடுகளிலிருந்தே நடந்துகொண்டிருந்தன. விடுதியைப் பாதிக்கும் காரணங்கள் வேறு. ஃப்ரீலான்ஸ் பணியைப் பாதிக்கும் காரணங்கள் வேறு. இரண்டும் ஒரே நாளில் சரிவது அரிது. ஒன்று மற்றொன்றுக்குக் காப்பீடாக அமைவது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, தென்மேற்குக் கடற்கரையில் நான்கு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை எண்ணிக்கொள்வோம். கீழுள்ள தொகைகள் விளக்கத்துக்கானவை. எல்லாம் இந்திய ரூபாயில். மாதம் முப்பது நாளுக்கு மொத்தம் 120 அறை-இரவுகள். வாடகை 40,000, இரு பணியாளர்களின் ஊதியம் 35,000, மின்சாரம், இணையம் முதலியவை 15,000. ஆக, விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 90,000 ரூபாய் செலவு.

அப்பகுதியில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். 72 இரவுகள் நிரம்பி, ஓர் இரவுக்கு 3,000 வீதம் 2,16,000 ரூபாய் வருகிறது என்போம். காலை உணவு, சலவை, முன்பதிவுத் தளங்களின் தரகு ஆகியவற்றுக்கு இரவுக்கு 900 வீதம் 64,800 கழிந்தால், நிலையான செலவும் போக மாதம் 61,200 மிஞ்சும். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். 18 இரவுகளே நிரம்பி, கட்டணமும் 2,000ஆகக் குறைந்தால் வரவு 36,000. இரவுக்கு 700 வீதம் செலவு 12,600. மாதந்தோறும் பற்றாக்குறை 66,600 ரூபாய். எஞ்சிய இரு மாதங்களில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம் என்று கொள்வோம்.

ஐந்து நல்ல மாதங்களில் மிஞ்சுவது 3,06,000. ஐந்து மழை மாதங்களில் போவது 3,33,000. ஆண்டு முடிவில் உரிமையாளரின் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இல்லாமல் 27,000 ரூபாய் குறைகிறது. முதல் ஆண்டில் இது இயல்பே.

இப்போது ஃப்ரீலான்ஸ் வருவாயை இதனுடன் சேர்ப்போம். மாதம் 1,20,000 ஈட்டுபவர், வீட்டுச் செலவுக்கும் வரிக்குமாக 75,000 ஒதுக்கினால் 45,000 மிஞ்சும். மழைக்காலத்தின் ஐந்து மாதங்களில் இது 2,25,000. பற்றாக்குறையில் மூன்றில் இரு பங்கை இதுவே ஈடுசெய்துவிடும். மீதி 1,08,000 ரூபாய் கையிருப்பாக இருந்தால் போதும். ஆனால், விடுதி வேலையில் மூழ்கி ஃப்ரீலான்ஸ் வருவாய் 80,000ஆகக் குறைந்தாலோ, மிஞ்சுவது 5,000 மட்டுமே. தேவைப்படும் கையிருப்பு மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். நேரத்தைச் சரியாகப் பங்கிடாததன் விலை இதுதான்.

பணம் செல்லும் வழி

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். எனப்படும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் தொழில் தொடங்குவதற்கான முதலீடும் இவ்வரம்புக்குள் அடங்கும். அத்தகைய முதலீட்டை 2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றில் மூன்று செய்திகளை முன்னரே அறிந்திருப்பது நன்று.

முதலாவது, முதலீடு செல்லும் வெளிநாட்டு அமைப்பு வரையறுக்கப்பட்ட பொறுப்பு உடையதாக இருக்க வேண்டும். எனவே, தனி உரிமையாளர் பெயரில் விடுதி நடத்துவதைவிட, இலங்கையின் 2007ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பதிவு செய்வதே பொருத்தம். இரண்டாவது, பணம் அனுப்பும் முன்னரே வங்கி வழியாக எஃப்.சி. படிவம் அளித்து, முதலீட்டுக்கான தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும். மூன்றாவது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதலீட்டாளர் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கையை வங்கியிடம் அளிக்க வேண்டும். மழைக்காலப் பற்றாக்குறையை ஈடுகட்ட அனுப்பும் தொகையும் இந்த முறையான வழியிலேயே செல்ல வேண்டும்.

இவற்றுடன் டி.சி.எஸ். எனப்படும் முன்வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகையில் 20% பிடிக்கப்படுகிறது. 15 லட்சம் அனுப்பினால், வரம்பைத் தாண்டிய 5 லட்சத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். இது செலவு அன்று. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஆயினும், அதுவரை அத்தொகை கையில் இராது. விதிகளும் விகிதங்களும் மாறக்கூடியவை ஆதலால், அனுப்பும் முன் கிளையில் ஒருமுறை உறுதிசெய்துகொள்க.

கடன் வாங்கி அனுப்பலாமா என்ற கேள்வியும் எழலாம். இத்திட்டத்தின்கீழ் வெளிநாட்டு முதலீட்டுக்காக வங்கிகள் கடன் அளிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேறு காரணம் காட்டித் தனிநபர் கடன் பெற்று அனுப்புவது விதிமீறல் மட்டுமன்று. மழைக்காலப் பற்றாக்குறையின் மேல் மாதத் தவணையையும் ஏற்றிக்கொள்வதாகும். குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து விடுதி தொடங்குவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். ஃப்ரீலான்ஸ் சேமிப்பில் சேர்ந்த தொகையே இதற்கு உரிய முதல்.

நிலம், உரிமம், விசா

இலங்கையின் 2014ஆம் ஆண்டு நிலச் சட்டம், வெளிநாட்டவருக்கும், பாதியோ அதற்கு மேலோ பங்குகள் வெளிநாட்டவரிடம் உள்ள நிறுவனங்களுக்கும் நிலத்தை விற்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. குத்தகைக்கு அளிப்பதை அனுமதிக்கிறது. சிறு விடுதிக்கு இது ஒரு வகையில் நன்மையே. முதல் முழுவதும் நிலத்தில் முடங்காது. முதலில் குறுகிய காலக் குத்தகை, சரிவந்தால் நீட்டிப்பு என்று ஒப்பந்தத்தை அமைத்துக்கொள்வது பாதுகாப்பு. விடுதியை இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று தொழில் நடத்த இயலாது. உரிய வசிப்பிட விசா தேவை. உள்ளூர் வழக்கறிஞருக்கான கட்டணத்தைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பருவத்தைப் பார்த்து இடத்தைத் தேர்வதும் உண்டு. தென்மேற்குக் கரையில் மழைக்காலமாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரையே கிழக்குக் கரையில் திருகோணமலையிலும் அறுகம் குடாவிலும் நல்ல பருவம். உங்கள் ஃப்ரீலான்ஸ் வேலை எந்த மாதங்களில் குறைவாக இருக்கும் என்பதைப் பார்த்து, அம்மாதங்களில் விருந்தினர் வரும் கரையைத் தேர்ந்தால் இரு வேலைகளும் மோதிக்கொள்ளா.

நேரத்தைப் பங்கிடல்

விருந்தினரின் தேவைகள் காலை உணவு வேளையிலும், அறைக்கு வந்து சேரும் பிற்பகலிலும் மிகுதி. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை ஃப்ரீலான்ஸ் பணிக்கென்றே ஒதுக்கி, அந்நேரத்தில் விடுதிப் பொறுப்பை உள்ளூர்ப் பணியாளரிடம் முழுமையாக விட்டுவிட வேண்டும். பொறுப்பான மேற்பார்வையாளர் ஒருவருக்குத் தரும் ஊதியம், நம் கணக்கின்படி, இழக்க நேரும் 40,000 ரூபாய் வருவாயைவிடக் குறைவாகவே இருக்கும். நல்ல பருவத்தில் புதிய ஒப்பந்தங்களைக் குறைத்து, மாதாந்தரக் கட்டணம் தரும் பழைய வாடிக்கையாளர்களை மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் புதிய வேலைகளைத் தேடலாம். மின்வெட்டைச் சமாளிக்க இன்வெர்ட்டரும், இரண்டாவது இணைய இணைப்பும் ஆடம்பரமல்ல, தொழிற்கருவிகள்.

கணக்குகளையும் இவ்வாறே பிரித்து வையுங்கள். ஃப்ரீலான்ஸ் வரவுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, விடுதி நிறுவனத்துக்கு அந்நாட்டில் ஒரு கணக்கு. நல்ல பருவத்தின் மிச்சத்தை இலாபம் என்று எண்ணாமல், மழைக்காலத்துக்கான கையிருப்பாகத் தனியே வைக்க வேண்டும். மூன்றும் கலந்துவிட்டால், எது எதைத் தாங்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

வரியும் வசிப்பிட நிலையும்

குறிப்பிட்ட தொழில்களில் உள்ள ஃப்ரீலான்ஸ் பணியாளர்கள் பலர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையில் ‘சுகம்’ எனப்படும் ஐ.டி.ஆர்.-4 படிவம் அளிப்பதுண்டு. வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்களும் நிறுவன இயக்குநர்களும் இப்படிவத்தைப் பயன்படுத்த முடியாது, ஐ.டி.ஆர்.-3 படிவத்துக்கு மாறி, வெளிநாட்டுப் பங்குகளையும் வங்கிக் கணக்குகளையும் அதற்குரிய அட்டவணையில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கப்படலாம்.

தொழில் நடத்துவதற்காக வெளிநாடு சென்று தங்குபவர், அன்னியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராகிவிடுவார். அப்போது அவரது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், எல்.ஆர்.எஸ். திட்டமும் அவருக்குப் பொருந்தாது. வருமான வரிச் சட்டமோ நாள் கணக்கைத் தனியாகப் பார்க்கிறது. எனவே, பெங்களூருவிலிருந்தபடி அவ்வப்போது சென்று வருவதா, அங்கேயே குடியேறுவதா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, பட்டயக் கணக்காளரிடமும் கிளையிலும் தெரிவித்துவிடுவது நல்லது.

எப்போது விடலாம்?

ஒரு முழு ஆண்டு விடுதி நடந்திருக்க வேண்டும். மழைக்காலப் பற்றாக்குறையை அதன் சொந்த மிச்சமே ஈடுசெய்திருக்க வேண்டும். அதற்கு மேலும் உங்கள் ஊதியம் அதிலிருந்து கிடைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கென ஆறு மாத வீட்டுச் செலவு நிரந்தர வைப்பில் இருக்க வேண்டும். இந்நான்கும் கைகூடிய பின் ஃப்ரீலான்ஸ் வேலையைக் குறைக்கலாம். அப்போதும் ஓரிரு வாடிக்கையாளர்களையேனும் தக்கவைத்துக்கொள்வது அறிவுடைமை. ஓர் ஆண்டு முடிவில் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், குத்தகைக் காலம் முடிந்ததும் விடுதியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பலாம். கைத்தொழில் கையில் இருப்பதால், இழப்பு சேமிப்பின் ஒரு பகுதியோடு நின்றுவிடும். குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடாது.