பிச்சாவரம்: வாய்க்கால் வெட்டி மீட்ட காடு

நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சதுப்பில் செழித்திருந்த மரங்களின் எச்சம். சதுப்புக்காடு ஒன்றை உயிரோடு பார்க்க நெய்வேலி நகரியவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் தாண்டினால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்த காப்புக்காடு இது.

படகில் போகிறவர்கள் பெரும்பாலும் ஓடைக்கரைச் சுரபுன்னைகளையே பார்க்கிறார்கள். சேற்றில் முட்டுக்கொடுத்து நிற்கும் வேர்கள். தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் காய்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது காட்டின் விளிம்பு மட்டுமே. அதற்குப் பின்னால் பரந்து கிடப்பது வெண்கண்டல். சேற்றிலிருந்து ஆணி ஆணியாக வேர்களை மேலே நீட்டி மூச்சுவிடும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும். சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இங்கே உண்டு.

இத்தனை உப்பைத் தாங்கும் மரங்களா பட்டுப்போகும்? பட்டுத்தான் போயின.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து இறுகித் தாழ்ந்தது. நிலம் தொட்டியாகக் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வடியவில்லை. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போனது. புதுக்கன்றுகள் எதுவும் பிழைக்கவில்லை.

ஆடு மாடுகளும் விறகு வெட்டும் ஏழைகளுமே காட்டை அழித்தார்கள் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு, தேங்கிய நீரே முதன்மைக் காரணம் என்று காட்டியது. காரணம் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. 1990களில் வனத்துறையும் கிராமத்தாரும் கைகோத்தார்கள். நடுவே பெருவாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, ஓதம் வந்துபோக வழி திறந்தார்கள். கரைச்சரிவில் நட்ட கண்டல் கன்றுகள் தழைத்தன.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் பெருஞ்சேதத்துக்குத் தப்பின. கடலிலிருந்து இருந்த தொலைவுக்கும் நில உயரத்துக்கும் அதில் பங்குண்டு என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் கடலோர மக்கள் இந்தக் காட்டைப் பார்க்கும் பார்வை அன்றோடு மாறியது.

இந்த ஓடைகளில்தான் இருளர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இறால் குஞ்சுகள் வளர உப்பும் நன்னீரும் கலந்த நீர் வேண்டும். அந்த நன்னீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான் வந்துசேர்கிறது. கொள்ளிடத்தில் ஓடும் வெள்ளத்தைக் கடலில் கலந்து வீணாகும் தண்ணீர் என்று பேசுகிறவர்கள், அதைக் குடித்து வளரும் இந்தக் காட்டையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.